ஐந்தாவது கால்
(உரோம் நகரத்து எளிய உணவகங்களும் வட்டாரச் சமையலும் குறித்த உரை)



உணவைப் பற்றி இலக்கிய மன்றத்தில் பேச என்ன இருக்கிறது என்னும் வினா இந்த அவையில் எழாது. தெய்வம், மரம், விலங்கு, பறை, தொழில் ஆகியவற்றோடு உணவையும் கருப்பொருளாக எண்ணி வைத்த இலக்கணம் தமிழுக்கு வாய்த்திருக்கிறது. குறிஞ்சிக்குத் தினையும் தேனும், நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்றுப் பெற்றவையும் என, நிலத்தையும் உணவையும் வேறாக்கிக் காணாத பார்வை அது. அப்பார்வையைத் துணையாகக் கொண்டு, உரோம் நகரத்தின் ஒரு பகுதியையும் அங்குள்ள எளிய உணவகங்களில் பரிமாறப்படுவனவற்றையும் காண்பது இவ்வுரையின் நோக்கம்.

இத்தாலிய உணவு என்னும் தொடர் இத்தாலிக்கு வெளியேதான் எளிதாக வழங்குகிறது. உள்ளே சென்று அப்படியொன்றைக் கேட்பவரிடம், எந்த ஊர் உணவு என்று திருப்பிக் கேட்பார்கள். 1861-இல் ஓர் அரசாக அறிவிக்கப்படும்வரை அந்நாடு பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. உரோம் நகரமோ 1870-இல்தான் அதனோடு இணைந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பேச்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் அடுப்பு. போ ஆற்றுச் சமவெளியில் வெண்ணெயும் அரிசியும் மக்காச்சோளக் களியும்; பொலோஞ்ஞாவில் முட்டை சேர்த்துப் பிசைந்து கையால் மெலிதாக விரித்த பாஸ்தா; தெற்கே ஒலிவ எண்ணெயும், கோதுமை ரவையைப் பிசைந்து உலர்த்திய பாஸ்தாவும். இவற்றை ஒரு பெயருக்குள் அடக்க முயன்றவருள் குறிப்பிடத்தக்கவர் பெல்லெக்ரீனோ அர்த்தூசி. வணிகரான அவர் 1891-இல் தம் சமையல் நூலை வெளியிட்டார். பதிப்பாளர் எவரும் முன்வராமையால் தம் கைப்பொருளைக் கொண்டே அச்சிட்டார்; இச்செய்தி இம்மன்றத்துக் கவிஞர் பலருக்கு ஆறுதல் தரக்கூடும். 475 குறிப்புகளோடு தொடங்கிய அந்நூல், வாசகர் எழுதியனுப்பியவற்றையும் ஏற்றுக்கொண்டு, 1911-இல் அவர் மறைவதற்குள் 790 குறிப்புகளாக வளர்ந்தது. ஊருக்கொரு பெயராகச் சிதறிக் கிடந்த பண்டங்களுக்குப் பொதுச்சொல் தந்த பெருமை அதற்குண்டு. ஆயினும் அர்த்தூசி நன்கறிந்தவை எமிலியா-ரொமாஞ்ஞாவும் தொஸ்கானாவும். தெற்கு அந்நூலில் மெலிந்தே காணப்படுகிறது. தொகுப்பாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

அர்த்தூசியின் நூல் விட்டவற்றைக் காத்து வந்தவை திரத்தோரியா, ஓஸ்தெரியா என்று அழைக்கப்படும் சிறிய உணவகங்கள். வெள்ளைத் துணி விரித்து, சீருடைப் பணியாளர் நின்று பரிமாறும் பெரிய உணவகத்துக்கு ரிஸ்தொராந்தே என்று பெயர். திரத்தோரியா அதனினும் எளியது. பெரும்பாலும் ஒரு குடும்பத்தார் நடத்துவது. மேசைமேல் தாளை விரித்துச் சோறிடுவது. ஓஸ்தெரியாவோ தொடக்கத்தில் மதுக்கடையாகவே இருந்தது. உழைத்துக் களைத்தவர்கள் வீட்டில் சமைத்ததைத் துணியில் முடிந்து எடுத்து வருவார்கள். கடையில் மதுவை மட்டும் வாங்கி, அங்குள்ள பலகையில் அமர்ந்து உண்டு செல்வார்கள். அவர்களுக்கு ‘மூட்டைக்காரர்’ என்று பொருள்படும் பெயரே உரோமில் உண்டு. பின்னாளில் கடைக்காரர் மனைவி ஒரு பானை அடுப்பிலேற்ற, மதுக்கடை உணவகமாயிற்று. இன்று இப்பெயர்களை விலையுயர்ந்த உணவகங்களும் விரும்பிச் சூடிக்கொள்கின்றன. எனவே பெயர்ப்பலகையை மட்டும் நம்பி உள்ளே நுழைவது அறிவுடைமையாகாது.

ஓஸ்தெரியா என்னும் சொல்லின் வேர் கவனிக்கத்தக்கது. அதற்கு மூலமான இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘ஓஸ்பிதே’ என்னும் இத்தாலியச் சொல், விருந்து அளிப்பவரையும் குறிக்கும். விருந்தாக வருபவரையும் குறிக்கும். யார் யாரென்று இடம் நோக்கியே அறிய வேண்டும். தமிழில் விருந்து என்பது வருபவரையும் அவருக்குப் படைக்கும் உணவையும் ஒருங்கே குறிக்கிறது. புதுமை என்னும் பொருளும் அதற்குண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்பினுள் ஒன்றுக்கு விருந்து என்றே பெயரிட்டு, புதுவதாகப் பாடப்படும் யாப்பை அதனுள் அடக்கியது. இரு மொழியிலும் இச்சொல் ஓரிடத்தில் அடங்கி நில்லாமல் இரண்டு பக்கமும் நடமாடுவது இனிய ஒற்றுமை.

உரோமின் தெற்கே, தைபர் ஆற்றின் கரையில் தெஸ்தாச்சோ என்னும் பகுதி உள்ளது. அப்பெயர் மண்பாண்டத் துண்டைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. அங்கொரு குன்று உண்டு. ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள அக்குன்று முழுவதும் உடைந்த சாடிகளால் ஆனது. பேரரசுக் காலத்தில் இசுப்பானிய நாட்டினின்றும் வட ஆப்பிரிக்காவினின்றும் ஒலிவ எண்ணெய் கொண்டுவந்த சாடிகளை, மீண்டும் பயன்படுத்த இயலாமையால், உடைத்து அடுக்கினர். மூன்று நூற்றாண்டுக் காலத்தில் குப்பை குன்றாயிற்று. அச்சாடிகளில் எடையும் வணிகர் பெயரும் மையால் எழுதப்பட்டிருந்தன. 1870-களில் அவற்றை ஆராய்ந்த ஐன்ரிக் திரெஸ்ஸல் வகுத்த சாடி வகைகளின் எண்களைத்தான், அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளை அடையாளங் காண்போரும் இன்றளவும் கையாளுகின்றனர். குன்றின் அடிவாரத்தைக் குடைந்து பிற்காலத்தார் மதுவறைகள் அமைத்தனர். துண்டுகளுக்கிடையே காற்று நுழைவதால் கோடையிலும் அங்கே குளிர்ச்சி நிலவும். அவ்வறைகள் சில இப்போது உணவகங்கள்; உண்பவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், ஈராயிரம் ஆண்டுப் பழைய ஓட்டாஞ்சில்லுகள் தெரியும்.

குன்றின் எதிரே, 1888-க்கும் 1891-க்கும் இடையில், ஜொவாக்கீனோ எர்சோக் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி நகரத்தின் இறைச்சிக்கூடம் எழுந்தது. சென்னையில் தொட்டி என்று மக்கள் வழங்குகிறார்களே, அத்தகைய இடம். ஆனால் அளவில் மிகப் பெரியது. அதன் வாயில்மேல் சிறகு முளைத்த உருவமொன்று காளையை அடக்கும் சிற்பம் நிற்கிறது. உள்ளே நடந்த வேலையில் சிறகுக்கு இடமில்லை. வெட்டுவோர், தோலுரிப்போர், சுமப்போர் எனப் பலர் விடியுமுன் வந்து குருதியில் நின்று உழைத்தனர். வெட்டிய மாடு நான்கு கூறாகும், முன்னிரண்டு, பின்னிரண்டு. அந்நான்கும் காசுள்ளவர் வீட்டுக்குச் சென்றன. எஞ்சியவை குடலும் இரைப்பையும் நுரையீரலும் ஈரலும் நாக்கும் வாலும் கன்னமும். கூலியின் ஒரு பகுதியாகத் தொழிலாளருக்கு இவற்றையே கொடுத்தனர். நான்கு கால்பங்கும் போனபின் எஞ்சியதற்கு உரோமானியர் இட்ட பெயர் ‘குவிந்தோ குவார்த்தோ’. அதாவது ஐந்தாவது கால்.

தமிழில் இத்தொடர் மூலத்தைவிடவும் சிறக்கிறது. கால் என்பது நான்கிலொரு பங்கு; விலங்கின் உறுப்பும் அதுவே. இரு பொருளிலும் ஐந்தாவது கால் என்பது இருக்கவியலாத ஒன்று. கணக்கிலும் வராது, உடலிலும் இராது. கணக்கில் வராத மக்களுக்குக் கணக்கில் வராத உணவு. இப்பெயரைப் படைத்தவர் எவரென்று தெரியாது. கசாப்புக் கத்தியைத் தீட்டிக்கொண்டே எவரோ சொல்லியிருக்க வேண்டும்.

தொழிலாளர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். எதிரேயிருந்த உணவகங்களில் கொடுத்துச் சமைக்கவும் செய்தனர். இறைச்சிக்கூடத்துக்கு எதிரே 1887-ஆம் ஆண்டைத் தன் பெயரிலேயே தாங்கிய உணவகம் ஒன்று உண்டு. மாட்டுவால் சமைக்கும் முறை தங்கள் குடும்பத்துப் பெண்ணொருவரின் கைவண்ணம் என்பது அவ்வுணவகத்தார் வழிவழியாகச் சொல்லி வருவது. அம்முறை பொறுமையைக் கேட்பது. வாலைக் கணுக்கணுவாக வெட்டிக் கொழுப்பில் சிவக்க வதக்கி, மதுவும் தக்காளியும் சேர்த்து, எலும்பைவிட்டுச் சதை தானே கழலும்வரை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். செலரித் தண்டுகளைப் பின்னர் நிறையச் சேர்ப்பார்கள். சிலர் இறுதியில் உலர்ந்த திராட்சையும் பைன் பருப்பும் சிறிது கோக்கோவும் இடுவதுண்டு. உண்பவர் முள்கரண்டியைக் கொஞ்சநேரம் முயன்று பார்த்துவிட்டுக் கையால் எடுத்துக் கொள்வார். எலும்பை உறிஞ்சுவது அங்கே அநாகரிகம் ஆகாது. குழம்பு தட்டில் எஞ்சினால் ரொட்டித் துண்டால் வழித்தெடுப்பார். அதற்குச் ‘சிறு செருப்பு’ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். குடல் குழம்பின் அடிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து உண்டவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

கிழமைக்கு உணவு என்னும் ஒழுங்கும் அங்கு உண்டு. வியாழனன்று உருளைக்கிழங்கு மாவில் உருட்டிய ஞோக்கி. மறுநாள் புலால் விலக்கும் நாளாதலின் முன்னரே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு. வெள்ளியன்று உப்பிட்ட காட் மீனும் கொண்டைக்கடலையும். சனியன்று தக்காளியும் ஒருவகைப் புதினாவும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்த இரைப்பை. இவ்வொழுங்கைப் பின்பற்றும் உணவகம் வாசலில் அட்டவணை தொங்கவிட வேண்டியதில்லை; நாளை அறிந்தவர் உணவை அறிவார். பல கடைகளில் உணவுப்பட்டியல் என்பதே வாய்மொழியாக இருந்தது. கடைக்காரர் மேசையருகே வந்து நின்று, அன்று உள்ளதை உரோம வழக்கில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார். அச்சொற்கள் பலவும் பொது இத்தாலியத்தின் வடிவத்தில் அமையாதவை. கவிதை எழுத்துக்கு வருமுன் எவ்வாறு உயிர்த்திருந்தது என்பதை ஆராய்வோர் ஒரு நாள் அங்கே உணவருந்தலாம்.

மதுவின் அளவுகளுக்கும் தனிப்பெயர்கள். மண்குடத்தில் ஊற்றி அளவைக் குறைத்து ஏமாற்றிய கடைக்காரரைத் தடுக்க, ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்னும் போப்பாண்டவர் 1588-இல் கண்ணாடிக் குடுவைகளைக் கட்டாயமாக்கினார். அரை லிட்டருக்கு ஒரு பெயர், கால் லிட்டருக்கு ஒரு பெயர்; யாவற்றினும் சிறியதான பத்திலொரு பங்குக்கு ‘பெருமூச்சு’ என்று பெயர். காசில்லாதவன் வாங்கும் அளவு அது என்பதால் போலும்.

இறைச்சிக்கூடத்தினின்று சிறிது தொலைவிலேயே கவிஞர்கள் உறங்குகிறார்கள். 1821-இல் இருபத்தைந்து வயதில் உரோமில் இறந்த கீட்சின் கல்லறை அங்குள்ள புராட்டஸ்டன்ட் இடுகாட்டில் உள்ளது. அக்கல்லில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு கடலில் மூழ்கிய ஷெல்லியின் சாம்பலும் அங்கேயே. அந்தோனியோ கிராம்சியின் சாம்பலும் அங்கே உள்ளது. அதன்முன் நின்று பாடுவதாக அமைந்த பசோலினியின் நெடுங்கவிதையில் தெஸ்தாச்சோப் பட்டறைகளின் ஓசை வந்து விழுகிறது. ஆனால் இவ்வுணவுக்கு உரிய கவிஞர் வேறொருவர். ஜூசெப்பே ஜொவாக்கீனோ பெல்லி (1791–1863) உரோமத் தெருப்பேச்சில் 2279 பதினான்கடிப் பாக்கள் எழுதினார். மதுக்கடையும் சமையலறையும் போப்பாண்டவர் மாளிகையும் ஒரே நாவில் அவற்றில் பேசப்படுகின்றன. பெல்லி தம் இறுதி விருப்பத்தில் அவற்றை எரித்துவிடச் சொன்னார். அவரிடமிருந்து அவற்றைப் பெற்று வைத்திருந்த தித்சானி என்னும் சமயத் தலைவர் எரிக்காமல் காத்தார். செம்மொழியில் எழுதியவற்றைப் பெல்லி எரிக்கச் சொல்லவில்லை. எரிக்கச் சொன்ன ஐந்தாவது கால்தான் இன்று நிற்கிறது.

மரபு என்னும் சொல்லை இவ்விடத்தில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். உரோமின் அடையாளமாகப் போற்றப்படும் பாஸ்தா வகைகளுள் ஒன்று கார்போனாரா: முட்டை, செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி, உப்பிட்டு உலர்த்திய பன்றிக் கன்னத் தசை, மிளகு. இதில் பாலேட்டைக் கலந்தவரை உரோமானியர் மன்னிக்கமாட்டார். ஆயினும் 1930-ஐ ஒட்டி உரோமச் சமையலைத் தொகுத்த ஆதா போனியின் நூலில் கார்போனாரா இல்லை. அது பெயர் பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். 1954-இல் இத்தாலியச் சமையல் இதழொன்று வெளியிட்ட குறிப்பில் பூண்டும், சுவிட்சர்லாந்தின் கிரையேர் பாலாடைக்கட்டியும் உள்ளன. 2023-இல் பார்மா பல்கலைக்கழகத்து அல்பெர்த்தோ கிராந்தி, இத்தகைய ‘தொன்மைகள்’ பலவும் அண்மைக் காலத்தவை என்று கூறிப் பெரும் பூசலைக் கிளப்பினார். அவர் காட்டிய சான்றுகள் வலியவை. பூசலிட்டோர் அவற்றை எதிர்கொள்ளாமல் நாட்டுப்பற்றைத் துணைக்கழைத்தது அழகன்று. ஆனால் இளமையானது என்பதாலேயே ஓர் உணவு ஊருக்கு உரியதாகாது என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. தெஸ்தாச்சோக் குன்றைப் போலவே வெளியிலிருந்து வந்தவை அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் உரோமச் சமையல் ஆயிற்று. தக்காளி அமெரிக்காவினின்று வந்தது. ‘உரோமப் பாலாடைக்கட்டி’ என்னும் பெயருடையதன் பெரும்பகுதி சர்தீனியத் தீவில் செய்யப்படுகிறது. யூதர்களை 1555-இல் ஒரு சேரிக்குள் அடைத்தனர். அவர்கள் பொரித்த ஆர்ட்டிசோக் மொட்டு இன்று நகரத்தின் பெருமை.

மிளகோ இன்னும் தொலைவிலிருந்து சென்றது. பாஸ்தாவில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேர்ப்பது உரோமின் மிக எளிய உணவு. மந்தையோடு மலையேறிய இடையர் எடுத்துச் சென்ற உணவென்பர். தொமீசியன் என்னும் பேரரசன் முதல் நூற்றாண்டில் உரோம் நகரின் நடுவே மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டினான். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு பெயர்ந்த முசிறியை அகநானூறு அறியும். அந்த நாளில் பொன்கொடுத்து வாங்கிய மிளகு, இடையன் பையில் ஏறும் அளவுக்கு மலிந்ததற்கு இடையே எத்தனையோ கடற்பயணங்கள்.

இன்றைய நிலை என்ன? இறைச்சிக்கூடம் 1975-இல் மூடப்பட்டது. அதன் கூடங்களில் கலைக்காட்சிகளும் பல்கலைக்கழக வகுப்புகளும் நடக்கின்றன. பழைய சந்தை 2012-இல் அதன் எதிரே புதிய கட்டடத்துக்கு மாறியது. தோலுரித்தவர்கள் இல்லை, அவர்கள் கூலியாகப் பெற்ற வால் மட்டும் விலையேறிய உணவாக மேசையில் இருக்கிறது. பால்குடி மாறாத கன்றின் குடலை உள்ளிருக்கும் பால் தயிர்த்தபடியே சமைப்பது ‘பயாத்தா’. மாட்டு நோய் அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் அதனைத் தடுத்தது. 2015-இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் ஆட்டுக்குட்டியின் குடலைக் கொண்டு அப்பெயரைக் காத்தனர். பொருள் போனபின்னும் சொல்லைக் காத்து வைத்தவர்களைப் புலவர்கள் பாராட்டுவார்கள். சுற்றுலாப் பயணிகள் மிகுந்த நடுநகரத்திலோ, ஆறு மொழிகளில் படத்தோடு அச்சிட்ட பட்டியலை வாசலில் நிறுத்தி, எந்த ஊருக்கும் உரியதல்லாத உணவை விற்கும் கடைகள் பெருகியுள்ளன. 1986-இல் இசுப்பானியப் படிக்கட்டருகே மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எழுந்த எதிர்ப்பும், அதனையொட்டிக் கார்லோ பெத்ரீனி தலைமையில் வளர்ந்த மெதுவுணவு இயக்கமும், 1990 முதல் அவ்வியக்கம் வெளியிட்டுவரும் ஓஸ்தெரியா வழிகாட்டி நூலும் இவ்வகை உணவகங்களுக்குப் புதிய மதிப்பைத் தந்தன. மதிப்பு வந்தால் விலையும் வரும். பக்கத்துத் தெருத் தச்சர் அங்கே மதிய உணவு உண்ண முடிகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2025 டிசம்பரில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாட்டின் பெயரால் கிடைத்த அச்சிறப்பில் தோலுரித்தவர்களின் பங்கு எவ்வளவு என்பதை அப்பட்டியல் சொல்லாது.

அடுப்பங்கரையில் நிற்பவர்களும் மாறியிருக்கிறார்கள். 2008-இல் உரோமின் கார்போனாராக்களைத் தரம்பிரித்த உணவிதழ் முதலிடம் கொடுத்தது துனீசியாவில் பிறந்த சமையலாளர் ஒருவரின் கைப்பக்குவத்துக்கு. உரோமச் சமையல் யாருடையது என்று அப்போது சிலர் முகஞ்சுளித்தனர். ஓஸ்பிதே என்னும் சொல்லை நாள்தோறும் பேசும் மக்களுக்கு இத்தயக்கம் பொருந்தவில்லை.

அமத்ரிச்சே என்னும் மலையூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உரோம் உணவகங்கள் யாவற்றிலும் கிடைக்கும் அமத்ரிச்சானா பாஸ்தாவுக்குப் பெயர் தந்த ஊர் அது. 1927 வரை அவ்வூர் உரோமின் மாநிலத்தைச் சேர்ந்ததே அன்று, அப்ருத்சோவில் இருந்தது. 2016 ஆகஸ்டு 24 அன்று விடியுமுன் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஊர் இடிந்தது. அங்கும் அண்டை ஊர்களிலும் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அந்த வார இறுதியில் ஊரின் பாஸ்தாத் திருவிழா நடக்கவிருந்தது, ஐம்பதாவது விழா. அதன்பின் இத்தாலியிலும் பிற நாடுகளிலும் உள்ள உணவகங்கள் அப்பாஸ்தாவைத் தம் பட்டியலில் ஏற்றி, ஒரு தட்டுக்கு இரண்டு யூரோ வீதம், உண்பவர் ஒன்றும் கடைக்காரர் ஒன்றுமாகக் கொடுத்து, அவ்வூருக்கு அனுப்பின. 2017-இல், இடிந்த ஊருக்கு வெளியே மரத்தால் எழுப்பிய கூடங்களில், அமத்ரிச்சேயின் உணவகங்கள் சில மீண்டும் திறந்தன. பன்றிக் கன்னத் தசையை அகன்ற இரும்புச் சட்டியில் உருக்கி, தக்காளியை அதில் ஊற்றி, பழைய வாடிக்கையாளர்களுள் எஞ்சியவர்களுக்குப் பரிமாறினர்.